1540: ஒரு சராசரியின் கதை

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் திரையின் ஓரத்தில் சென்டிமீட்டர் கோடுகள் இருக்கும். கல்லீரல் இத்தனை சென்டிமீட்டர், சிறுநீரகக் கல் இத்தனை மில்லிமீட்டர், கருவின் தலை இத்தனை என்று ரிப்போர்ட்டில் எழுதித் தருகிறார்கள். ஆனால் அந்தக் கருவி தூரத்தை அளப்பதே இல்லை. அதனால் அளக்க முடிவது ஒலியை அனுப்பியதற்கும் எதிரொலி திரும்பி வந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தை மட்டும்தான். நேரத்தைத் தூரமாக மாற்ற ஒலியின் வேகம் தெரிய வேண்டும். உடலுக்குள் ஒலி என்ன வேகத்தில் போகிறது? உலகில் உள்ள ஏறக்குறைய எல்லா ஸ்கேன் கருவிகளும் இதற்கு ஒரே பதிலை வைத்திருக்கின்றன: நொடிக்கு 1540 மீட்டர்.

சில ஆண்டுகளுக்கு முன், மருத்துவப் படங்களைக் கையாளும் மென்பொருள் எழுதுகிற ஒரு குழுவில் வேலை பார்த்தபோதுதான் இந்த எண்ணை முதன்முதலாகப் பார்த்தேன். புரோகிராமின் தொடக்கத்தில், மாறிலிகளின் வரிசையில், எந்த விளக்கமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த சீனியரிடம் கேட்டேன். "அது அப்படித்தான் பாஸ், எல்லா மெஷின்லயும் அதேதான்" என்றார். இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இந்த மாதிரிப் பதில் பழக்கமானது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். ஆனால் 9.8 என்பது பூமியை அளந்து எடுத்த எண். 1540 யாருடைய உடலை அளந்து எடுத்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

*

கதை ஒரு ஏரியில் தொடங்குகிறது. 1826இல் ஜெனிவா ஏரியில் இயற்பியலாளர் கொலாடனும் கணிதவியலாளர் ஸ்டர்மும் நீரில் ஒலியின் வேகத்தை அளந்தார்கள். இரண்டு படகுகள், இரவு நேரம். ஒரு படகிலிருந்து தண்ணீருக்குள் மணி தொங்கியது. மணியைச் சுத்தியலால் அடிக்கும் அதே கணத்தில் படகின் மேல் வெடிமருந்து பற்றி ஒளி வரும்படி ஏற்பாடு. 13 கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு படகில், தண்ணீருக்குள் இறக்கிய நீண்ட குழாயில் காதை வைத்தபடி கொலாடன் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் தெரிந்ததும் கடிகாரத்தை ஓடவிட்டு, மணியோசை கேட்டதும் நிறுத்துவார். ஒன்பது நொடிக்குச் சற்றுக் கூடுதல். கணக்குப் போட்டால் நொடிக்கு 1435 மீட்டர். அதோடு அவர்கள் ஏரித் தண்ணீரின் வெப்பநிலையையும் குறித்து வைத்தார்கள்: 8 டிகிரி செல்சியஸ். இந்த எண் இந்தத் தண்ணீருக்கு, இந்தக் குளிருக்கு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் குறிப்பின் அருமை நூறாண்டுகள் கழித்துக் கடற்படைக்குப் புரிந்தது. முதல் உலகப் போரில் பிரான்சின் லாஞ்செவின், குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு நீருக்குள் ஒலித்துடிப்புகளை அனுப்பி நீர்மூழ்கிகளின் எதிரொலியைப் பிடிக்கும் வழியைக் கண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சோனார். 1930களில் அமெரிக்கக் கடற்படை அதைப் பயிற்சியில் பயன்படுத்தியபோது ஒரு விநோதம் தெரிந்தது. காலையில் நன்றாகக் கேட்ட எதிரொலி மதியத்துக்கு மேல் காணாமல் போயிற்று. மதியச் சாப்பாட்டு மயக்கத்தில் ஆட்கள் கவனிக்கவில்லையோ என்ற சந்தேகம்கூட எழுந்ததாகச் சொல்வார்கள். காரணம் தண்ணீரில் இருந்தது. வெயிலேறும்போது கடலின் மேல்மட்டம் ஒன்றிரண்டு டிகிரி சூடாகிறது. சூடான நீரில் ஒலி வேகமாகவும், அடியில் இருக்கும் குளிர்ந்த நீரில் மெதுவாகவும் போகிறது. வேகம் மாறுகிற இடத்தில் ஒலி நேராகப் போகாது. மெதுவான பக்கம் வளையும். ஒலிக்கற்றை கீழே வளைந்துவிட, மேல்மட்டத்தில் இருக்கும் நீர்மூழ்கி அதன் கண்ணில் படாமல் தப்பிவிடும். இதைக் கண்டுபிடித்த பிறகு ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கிக் கப்பல்களிலிருந்து இறக்கினார்கள். கடலில் ஒலி கேட்பவர்கள், முதலில் அன்றைய கடலை அளந்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது வழக்கமாயிற்று.

மருத்துவத்துக்கு இந்த வழக்கம் வந்து சேரவில்லை. அங்கே கதை வேறு திசையில் போயிற்று.

*

உடலுக்குள் பார்க்க ஒலியை முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர் கார்ல் டூசிக். 1942இல் அவருடைய முதல் கட்டுரை வந்தது. தலையின் ஒரு பக்கத்திலிருந்து ஒலியை அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பதிவு செய்தார். மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவை ஒலியைக் குறைவாக விழுங்கும். ஆகவே அவற்றின் உருவம் படத்தில் தெரியும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. படமும் அப்படியே வந்தது. 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தவர்கள், மூளையே இல்லாமல் தண்ணீர் மட்டும் நிரப்பிய மண்டையோட்டை வைத்துப் பார்த்தார்கள். அதிலும் கிட்டத்தட்ட அதே அறைகள் தெரிந்தன! டூசிக் படம் பிடித்தது பெரும்பாலும் மண்டையோட்டின் மேடுபள்ளங்களை. எலும்பில் ஒலியின் வேகம் தண்ணீரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எலும்பின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும்போது ஒலி விலகியும் குறைந்தும் போய், இல்லாத உருவங்களை வரைந்துவிடுகிறது.

டூசிக்கை ஏளனம் செய்ய இதைச் சொல்லவில்லை. ஒலி கடந்து வரும் வழி, ஒலி காட்டும் படத்தில் கலந்துவிடும் என்பது இந்தத் துறை பிறந்தபோதே வெளிப்பட்ட உண்மை என்பதற்காகச் சொல்கிறேன்.

1540 வருவது இதே காலத்தில், அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆய்வு நிறுவனத்திலிருந்து. பெதஸ்டாவில் ஜார்ஜ் லுட்விக் என்ற மருத்துவர் பித்தப்பைக் கற்களை எதிரொலியால் கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். உலோகத்தில் விரிசல் தேடும் கருவிதான் அன்று கையில் இருந்தது. இரும்புக்கு அது பொருத்தம், ஏனென்றால் ஒரே வார்ப்பு இரும்பின் எந்த மூலையிலும் ஒலியின் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். சதைக்கு என்ன வேகம் என்று யாரும் ஒழுங்காக அளந்திருக்கவில்லை. லுட்விக் பெரும்பாலும் விலங்குகளின் மென்திசுக்களை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தார். 1950இல் முடிவுகளை வெளியிட்டார். நொடிக்கு 1490இலிருந்து 1610 மீட்டர் வரை. சராசரி 1540.

ஆக, என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. 1540 யாருடைய உடலும் இல்லை. கொழுப்பில் ஒலி ஏறத்தாழ 1450இல் போகிறது. கல்லீரலில் 1570 சொச்சம். தசையில் 1580 பக்கம். 1540 இவற்றுக்கு நடுவே எங்கோ விழுகிறது. லுட்விக் இரண்டு எல்லைகளையும் சேர்த்தேதான் சொன்னார். எல்லைகள் ஆய்வுக்கட்டுரையில் தங்கிவிட்டன, சராசரி மட்டும் கருவிக்குள் போயிற்று.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒலி போய்த் திரும்ப 1540 கணக்கில் 13 மைக்ரோ நொடி ஆகும். எதிரொலி 130 மைக்ரோ நொடியில் வந்தால் 10 சென்டிமீட்டர். 1950களின் மின்சுற்றுகளில் இதைவிடச் சிக்கலான கணக்கைச் செய்ய வழி கிடையாது. கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவருடைய கூட்டாளிகளும், அவர்களும் உலோகச் சோதனைக் கருவியிலிருந்துதான் தொடங்கினார்கள், 1958இல் லான்செட் இதழில் வயிற்றுக் கட்டிகளின் எதிரொலிப் படங்களை வெளியிட்டபோது, கட்டியா, நீர்க்கட்டியா, கர்ப்பமா என்று தெரிந்ததே பெரிய விஷயம். அறுத்துப் பார்க்காமல் தெரிந்துகொள்ள வேறு வழி அரிதாக இருந்த காலம். ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் என்ன?

*

அளவெடுக்க ஆரம்பித்தபோதுதான் "என்ன?" என்பது தெரிந்தது.

1960களின் இறுதியில் ஸ்டூவர்ட் கேம்பல் போன்றவர்கள் கருவின் தலைக் குறுக்களவை ஸ்கேனில் எடுத்து, அதைக் கொண்டு கர்ப்பத்தின் வாரத்தையும் குழந்தையின் வளர்ச்சியையும் சொல்லும் முறையை நிலைநாட்டினார்கள். கடைசி மாதவிடாய்த் தேதி சரியாக நினைவில்லாத பெண்களுக்கு இது பெரிய வரம். ஆனால் பிரிட்டனில் பல மையங்கள் தலைக்கு 1600 என்று வேகத்தை வைத்தன. மற்ற இடங்களில் 1540. இரண்டுக்கும் வித்தியாசம் நான்கு சதவீதத்தைத் தொடும். 90 மில்லிமீட்டர் தலையில் அது மூன்றரை மில்லிமீட்டர். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தலை வாரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மையத்தில் எடுத்த அளவை இன்னொரு மையத்தின் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் கணக்கு இரண்டு வாரம் தள்ளிப் போய்விடும். நன்றாக வளரும் குழந்தையை வளரவில்லை என்றோ, வளராத குழந்தையைச் சரியாக இருக்கிறது என்றோ சொல்ல அது போதும். பிரசவத்தை முன்கூட்டியே தூண்டலாமா என்ற முடிவு அந்த இரண்டு வாரத்தில் தொங்கும்.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. 1600 சரியா, 1540 சரியா என்பது இங்கே இரண்டாம்பட்சம். அளந்த கருவியும் அட்டவணை தயாரித்த கருவியும் ஒரே வேகத்தை நம்பினால் போதும், தவறு இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். ஊரெல்லாம் ஒரே படியால் அளந்தால், படி கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் நெல் கொடுக்கல் வாங்கலில் சண்டை வராது. அந்த மாதிரி. 1540இன் உண்மையான பலம் இதுதான் என்று நினைக்கிறேன். அதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

கண்ணில் இந்த ஒப்பந்தம் செல்லுபடியாகாது. கண்புரை அறுவையில் இயற்கை லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். எந்தப் பவர் லென்ஸ் என்பதை முடிவு செய்ய, விழியின் முன்பின் நீளம் தெரிய வேண்டும். அதை ஒலியால் அளப்பதுதான் ஏ-ஸ்கேன். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் கண்ணாடிப் பவரில் ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் பிசகும். இங்கே அட்டவணையோடு ஒப்பிட்டுத் தப்பிக்க முடியாது. வெளிச்சம் விழித்திரையில் குவிந்தாக வேண்டும். அதனால் கண் மருத்துவர்கள் ஆரம்பத்திலேயே பொதுச் சராசரியை ஏற்கவில்லை. 1962இல் ஸ்வீடனின் யான்சனும் காக்கும் கண்ணின் பாகங்களைத் தனித்தனியே அளந்து, லென்ஸுக்கு 1641, கண்ணுக்குள் இருக்கும் திரவங்களுக்கு 1532 என்று கொடுத்தார்கள். அறுபது ஆண்டுகளாகியும் அந்த எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன. விழித்திரை அறுவைக்காகச் சிலருடைய கண்ணில் சிலிக்கான் எண்ணெய் நிரப்புவார்கள். அதில் ஒலியின் வேகம் வெறும் 980. கருவியில் அதை மாற்றாமல் அளந்தால் 16 மில்லிமீட்டர் தூரம் 25 ஆகத் தெரியும்.

இன்று பல இடங்களில் ஒளியால் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் முற்றிய புரை வழியே ஒளி போகாது. கண்பார்வை முழுக்க மங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வரும் பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கும் நம் ஊர் மாதிரி இடங்களில், ஏ-ஸ்கேனும் 1532ம் 1641ம் இன்னமும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

*

இதுவரை சொன்னது ஆழத்தில் வரும் பிழை. மூன்று சென்டிமீட்டர் கொழுப்பைக் கடக்கும் ஒலி தாமதமாகத் திரும்புவதால், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் திரையில் இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் ஆழத்தில் விழும். ஊசியால் திசு எடுக்கும்போது இது கொஞ்சம் கவலைதான், இருந்தாலும் சமாளிக்கலாம். கடலில் மதியம் நடந்த மாதிரி ஒலி வளையும்போது வருவது வேறு வகைப் பிழை.

வயிற்றின் நடுவில், தொப்புளின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக இரண்டு தசைப் பட்டைகள் ஓடுகின்றன. அவற்றைச் சுற்றிக் கொழுப்பு. தசையில் வேகம் அதிகம், கொழுப்பில் குறைவு. இந்த அமைப்பு ஒலிக்கு இரண்டு பட்டகங்களை அருகருகே வைத்த மாதிரி ஆகிவிடும். ப்ரோபை நடுவில் வைத்துப் பார்த்தால் கீழே இருக்கும் ஒரு பொருள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டாகத் தெரியலாம். 1980களில் மருத்துவ இதழ்கள் இதை விவரித்தன: ஒரே கருப்பை உறை இரண்டாக, இரட்டைக் குழந்தை போல! அனுபவமுள்ள ஸ்கேன் மருத்துவர்களுக்கு இது தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு ரேடியாலஜிஸ்ட் சொன்னார்: "ப்ரோபை கொஞ்சம் சைடுல தள்ளிப் பாப்பேன். நெஜமா ரெண்டு இருந்தா ரெண்டும் நிக்கும். பொய்யின்னா ஒண்ணு காணாமப் போயிடும்." கருவி நம்பும் எண்ணை அவருடைய கை சந்தேகப்படுகிறது.

இந்த இரட்டை உருவமாவது கண்ணுக்குத் தெரிகிறது. பெரும்பாலான சேதம் மங்கலாக மட்டுமே வெளிப்படும். இன்றைய ப்ரோபின் முகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு படிகங்கள் வரிசையாக இருக்கும். ஒரு புள்ளியிலிருந்து வரும் எதிரொலி ஒவ்வொரு படிகத்தையும் வெவ்வேறு நேரத்தில் தொடும். கருவி அந்த நேர வித்தியாசங்களை 1540 வைத்துக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒரே கணத்துக்கு வரும்படி நகர்த்திக் கூட்டுகிறது. எதிரொலிகள் உண்மையிலேயே ஒத்துப்போனால் புள்ளி கூர்மையாக வரும். நடுவே கொழுப்பும் தசையும் திட்டுத்திட்டாக இருந்தால், ஒவ்வொரு படிகத்துக்கும் எதிரொலி பல பத்து நானோ நொடிகள் முன்பின்னாக வந்து சேரும். சேர்ந்திசைக் குழுவில் ஆளாளுக்கு ஒரு நொடி தள்ளிப் பாடுகிற நிலைமை. 1990களில் ராபர்ட் வாக்கின் ஆய்வுக்குழு வயிற்றுச் சுவரின் துண்டுகளை வைத்து இந்தக் கலைவை நேரடியாகவே அளந்து காட்டியது.

இதைத் திருத்த முதலில் வந்த யோசனைக்கு வானியலில் ஒரு முன்னோடி உண்டு. காற்றின் வெப்ப மாறுபாட்டால் நட்சத்திரம் மினுங்குவதும் இதே சிக்கல்தான். 1953இலேயே ஹோரஸ் பாப்காக், தொலைநோக்கியின் ஆடியை நொடிக்கு நொடி வளைத்து அந்தக் கலைவைச் சரிசெய்யலாம் என்று எழுதினார். 1988இல் ஃப்ளாக்ஸும் ஓ'டோனலும் அல்ட்ராசவுண்டில் அதைப் போன்றதைச் செய்தார்கள். பக்கத்துப் பக்கத்துப் படிகங்களின் சமிக்ஞைகளை ஒப்பிட்டு, எவ்வளவு தள்ளி வந்திருக்கிறது என்று கண்டுபிடித்து நேர்ப்படுத்தும் முறை. ஆனால் வானியலாளர்களுக்கு ஒரு வசதி இருந்தது. நட்சத்திரம் ஒரு புள்ளி என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். புள்ளி எப்படிக் கலைந்திருக்கிறது என்று பார்த்தால் காற்று என்ன செய்தது என்று தெரிந்துவிடும். உடலுக்குள் நட்சத்திரம் இல்லை. எல்லாத் திசையிலிருந்தும் ஆயிரக்கணக்கான சிறு எதிரொலிகள் வருகின்றன. யோசனை நல்லது, நடைமுறைக் கருவிக்குள் வர மிகவும் திணறியது.

இங்கேதான் எனக்கு இந்த எண் வெறும் பொறியியல் விஷயமாகத் தோன்றுவது நின்றது. சராசரிக்கு அருகில் உள்ள உடலுக்குத் தெளிவான படம் வரும். தடித்த கொழுப்பு அடுக்கு உள்ள உடலுக்கு மங்கலான படம் வரும். அப்போது ரிப்போர்ட்டில் எழுதும் வழக்கமான வரி, 'உடல் பருமன் காரணமாகத் தெளிவாகப் பார்க்க இயலவில்லை' என்பது. பருமனான உடலில் ஒலி கூடுதலாக வலுவிழப்பது உண்மைதான். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த உடலில் இல்லாத ஒரு வேகத்தைக் கருவி நம்பிக்கொண்டிருப்பது. முதல் பாதி ரிப்போர்ட்டில் வருகிறது. இரண்டாவது பாதி எங்கும் எழுதப்படுவதில்லை. வயிற்றில் ஒரு பெண்ணின் குழந்தையின் இதயம் தெரியவில்லை என்றால், அவள் தன் உடம்பை நொந்துகொண்டு வீட்டுக்குப் போகிறாள்.

கருவியைச் சோதிப்பதிலும் இதே வட்டம் உண்டு. கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க மனிதத் திசு போன்ற ஒரு பொம்மையை வைத்து ஸ்கேன் செய்வார்கள். 1970களிலிருந்து ஜெலட்டின், கூழ்மம் என்று பல பொருட்களில் இவற்றைச் செய்கிறார்கள். அவற்றில் ஒலியின் வேகம் 1540 வரும்படி கலவையைப் பக்குவம் செய்வதுதான் விதி. 1540ஐ நம்பும் கருவிக்கு 1540இல் செய்த உடலைக் கொடுத்துப் பரீட்சை வைத்தால் தேறாமல் என்ன செய்யும்? கருவியின் மின்னணுவில் கோளாறு உண்டா என்று இந்தச் சோதனை சொல்லும். நம்முடைய உடலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

*

கடந்த சில பத்தாண்டுகளில் மாற்றம் வர ஆரம்பித்தது, கணினியின் வேகம் கூடியதால். ஒரே எதிரொலிகளைச் சேமித்து வைத்துக்கொண்டு 1450, 1480, 1510 என்று பல வேகங்களில் படத்தைத் திரும்பத் திரும்ப உருவாக்கி, எதில் கூர்மையாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். கேமராவில் ஃபோகஸ் திருப்புகிற மாதிரிதான். சில கருவிகளில் இது ஒரு பொத்தானாகவே வந்திருக்கிறது.

இந்த வழியில் போனவர்களுக்குத்தான் இன்னொன்றும் தெரிந்தது. சரியான வேகத்தைத் தேடினால், வேகமே ஒரு தகவல். கல்லீரலில் கொழுப்பு சேரச் சேர அதில் ஒலியின் வேகம் குறைகிறது. இதை 1980களிலேயே சிலர் அளந்து பார்த்திருந்தார்கள். 2017இல் பாரிஸ் ஆய்வாளர்கள், கல்லீரலுக்குள் ஒலியின் வேகத்தைச் சாதாரண ப்ரோபைக் கொண்டே மதிப்பிட்டு, கொழுப்புக் கல்லீரலைக் கண்டறிய அதைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். மார்பகத்தை நீரில் அமர்த்திச் சுற்றிலும் இருந்து ஒலி அனுப்பி, எங்கே என்ன வேகம் என்று வரைபடமாகவே எடுக்கும் முறை 1970களில் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் கிரீன்லீஃப் குழுவிடம் தொடங்கியது. அந்த வழியில் வந்த ஒரு கருவிக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடர்ந்த மார்பகத் திசு உள்ள பெண்களுக்கு மேமோகிராமுடன் சேர்த்துப் பார்க்க அது உதவும்.

கடலில் சோனார் கேட்டவர்கள் எண்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததைத்தான் இப்போது மருத்துவம் செய்யத் தொடங்கியிருக்கிறது: முதலில் எதிரில் இருக்கும் இந்த உடலை அளப்பது, பிறகு அதன் எதிரொலியைக் கேட்பது. வழி கண்டுபிடிக்க இவ்வளவு காலம் ஆனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. கடலில் வெப்பமானியை இறக்கலாம், ஆளுக்குள் இறக்க முடியாதே.

அந்தக் கருவிகள் சின்ன ஊர் ஸ்கேன் சென்டர் வரை வருவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. அதுவரை அங்கே 1540தான் ஓடும், பெரும்பாலான கேள்விகளுக்கு அது போதும். போதாத இடத்தில் ப்ரோபைச் சற்றுச் சாய்த்து, அழுத்தி, "கொஞ்சம் திரும்பிப் படும்மா" என்று சொல்லி, இன்னொரு கோணத்தில் ஒருமுறை பார்க்கிற மருத்துவரின் பொறுமைதான் அந்தச் சராசரிக்கும் எதிரில் படுத்திருக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்புகிறது. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பேர் வரிசையில் காத்திருக்கும்போது அந்தப் பொறுமைக்கு நேரம் கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி.